எண்பத்தெட்டு நிமிடம்

பிரான்சில், லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நான் ஐந்து நாள் இருந்தேன். பார்த்த கோட்டைகள் ஆறு. ஏறிய படிகள் ஆயிரத்து நூற்றுப் பதினான்கு. என் மனைவியைப் பார்த்தது நாற்பத்து மூன்று நிமிடம். அதிலும் பதினொரு நிமிடம் கார்த் தரிப்பிடத்துக்குப் போய் வந்ததில் கழிந்தது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஜூன் மாதம். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. இத்தாலியில், பலெர்மோ நகரில் பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் ஒரு நாலாம் மாடி வீட்டில் எண்பத்தொரு வயது அம்மா ஒருவரைப் பராமரித்துக்கொண்டிருந்தேன்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். இன்றும் அதே வேலைதான். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் முப்பத்து மூன்று வருடம் வரைபடம் கீறியவன், இங்கே ஒருவருக்கு நேரத்துக்குக் குளிசை எடுத்துக் கொடுக்கிறேன். "யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது" என்று சக்கர நாற்காலியில் இருந்தபடி சிஞ்ஞோரா பகிடி விடுவார். அதை அவர் சொல்லும்போதெல்லாம் நான் சிரிக்க வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எண்பத்தொன்பதில் நான் முதலில் வெளிக்கிட்டேன். ஜேர்மனிக்கென்று ஏற்றிய ஏஜென்சிக்காரன் இத்தாலியில் இறக்கிவிட்டான். அடுத்த வருடம் இங்கே எல்லோருக்கும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கொடுத்தார்கள், எனக்கும் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து மனைவி வெளிக்கிட்டாள். இத்தாலிக்கென்று ஏற்றிய அவளைப் பிரான்சில் இறக்கினார்கள். அவள் அங்கே அகதியாகப் பதிந்தாள். அவள் எல்லை தாண்டினால் அகதி வழக்குப் போய்விடும். நான் பிரான்சுக்குப் போக விசா வேண்டும். இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் மறுத்தார்கள். இப்படியே ஏழு வருடம்.

ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்குப் பல்லரோச் சந்தையில் ஒரு கடையின் டெலிபோன் கூண்டுக்குள் நின்று அவளோடு கதைப்பேன். பக்கத்துக் கூண்டில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். எதைக் கதைக்கத் தொடங்கினாலும் அவள் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருவாள்.

"அண்டைக்கு நேரம் பாத்து வெளிக்கிட்டிருந்தால் இப்படி ஆளுக்கொரு மூலையிலை கிடப்பமே?"

கொழும்பில் லொட்ஜை விட்டு நான் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று பத்து. செவ்வாயில் மூன்றிலிருந்து நாலரை வரை இராகு காலம். அவள் வாசலில் குறுக்கே நின்று, நாலரை வரை பொறுக்கச் சொன்னாள். ஏஜென்சிக்காரனின் வான் கீழே கோர்ன் அடித்தது. "வானுக்கு இராகு கேது தெரியாது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த வசனத்தை அவள் ஏழு வருடமாக எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. ஆனால் ஒரே குற்றச்சாட்டை ஏழு வருடம் கேட்டால் குற்றவாளிக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்த வருடம் சிஞ்ஞோராவுக்கு லுவார் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. செத்துப்போன கணவர் கலியாணத்தின்போது கூட்டிப்போவதாகச் சொல்லி ஏமாற்றிய இடமாம். அவருடைய தங்கை மகன் ஒரு மருந்துக்கடைக்காரர். வைனில் பித்து உள்ளவர், கார் ஓட்டச் சம்மதித்தார். நாற்காலி தள்ள நான். சிஞ்ஞோரா எழுதிக் கொடுத்த கடிதத்தால் எனக்கு எட்டு நாள் விசா கிடைத்தது. மனைவிக்கு டெலிபோனில் சொன்னேன். உடனே அவள் சொன்னாள்:

"சனிக்கிழமை பகலிலை வாறன். பின்னேரம் கோப்பை கழுவப் போகவேணும். வந்து நேரிலை ஒரு விசயம் கதைக்கவேணும். டெலிபோனிலை சொல்லேலாது."

எந்த விசயம் என்று எனக்குத் தெரியும். நான் பாரிசுக்கு வருவதா, அல்லது இப்படியே இருந்து சாவதா என்பதுதான். அவளுடைய வழக்கு அந்த மாசியில் சரிவந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் குரலே மாறிவிட்டது.

ஆற்றுக்குக் குறுக்கே பாலம்போலக் கட்டிய கோட்டை ஒன்று அங்கே இருக்கிறது. லுவாரில் போய்ச் சேரும் ஒரு சிறிய ஆற்றின் மேல். அதன் வாசலுக்கு அருகிலேயே ரயில் நிற்கும். சனிக்கிழமை நாங்கள் அங்கேதான் போவதாக இருந்தது. "வெளி வாசலிலை, டிக்கெட் குடுக்கிற இடத்திலை, பத்தரைக்கு" என்றாள் அவள். சனியில் ஒன்பதிலிருந்து பத்தரை இராகு காலம். அது முடிகிற நேரத்தைத்தான் வைத்திருக்கிறாள் என்று நான் விளங்கிக்கொண்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. இந்த முறை ஒரு குறையும் சொல்ல விடக்கூடாது என்று நினைத்தேன்.

ஜெனோவாத் துறைமுகம் வரை கப்பல், அங்கிருந்து இரண்டு நாள் கார். கடவுச்சீட்டையும் பெர்மெஸ்ஸோவையும் மருந்துக்கடைக்காரர் வாங்கித் தன் தோல் பைக்குள் போட்டுக் காருக்குள் வைத்தார். தொலைந்துவிடக் கூடாதாம். என் உடுப்புப் பையும் காரின் பின்பக்கம். மனைவி வருகிறாள் என்று அவர்களுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் இவன் திரும்பி வரமாட்டான் என்று நினைப்பார்கள். என் நாட்டவர் ஒருவர் சனிக்கிழமை சந்திக்க வருவார் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பள்ளத்தாக்கு அழகில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அழகென்று அவர்கள் காட்டியவற்றில் பாதி எனக்கு வேலை. முதல் கோட்டையில் ஒன்றையொன்று தொடாமல் சுற்றிச் சுற்றி ஏறும் இரட்டைப் படிக்கட்டு இருந்தது. ஒன்றில் ஏறுகிறவர் மற்றதில் இறங்குகிறவரைக் காண்பார், சந்திக்கமாட்டார். நாற்காலி ஏறாது. "நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்" என்றார் சிஞ்ஞோரா. கடைசி ஒன்றைத் தவிர எல்லாக் கோட்டையிலும் இதே ஒழுங்குதான்: நான் ஏறிப் பார்த்து இறங்கி, மூச்சு வாங்கியபடி அவருக்கு ஒப்புவிக்க வேண்டும். கூரையில் எத்தனை புகைபோக்கி என்று வழிகாட்டி ஒரு எண் சொன்னாள். நான் எண்ணியது அதைவிட நிறையக் குறைவு. திரும்பவும் எண்ணினேன். இறங்கி வந்து அவளிடம் சொன்னபோது தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை வைன் குகை. வெள்ளைக் கல் மலையைக் குடைந்து, கிணற்றுக்குள் இறங்கினதுபோலக் குளிராக இருந்த இடத்தில் பீப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். ஒரு வரிசையில் நாற்பது, ஒன்பது வரிசை. கடைசி வரிசையில் இரண்டு குறைவு. மருந்துக்கடைக்காரர் ஏழு கிளாசில் வாய் வைத்தார். ருசி பார்த்ததைத் துப்புவதற்கு ஒரு வாளி உண்டு. அதை என் கையில் தந்துவிட்டார்கள். வெளியே, மலைச் சரிவில் முந்திரிகைக் கொடிகள் அளவு நாடா பிடித்து நட்டதுபோல நேராக நின்றன. ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு ரோசாச் செடி. கொடிக்கு வரப்போகும் நோய் முதலில் ரோசாவில் தெரியும் என்றார் தோட்டக்காரர். அவ்வளவு ஒழுங்கான நிலத்தை நான் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தட்டையான படகொன்றில் ஆற்றில் கொண்டுபோனார்கள். பெரிய ஆறென்று பெயர், பாதிக்கு மேல் மணல்திட்டு. படகு இரண்டு தரம் தட்டி நின்றது. சிஞ்ஞோரா தண்ணீரில் கை நனைத்து, கணவரின் பெயரைச் சொல்லித் திட்டினார். பிறகு அழுதார். நான் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த மனுசிக்கு ஐம்பது வருடம் தாமதித்தாவது ஆறு கிடைத்ததே என்று எரிச்சலாக இருந்தது.

அன்று பின்னேரம்தான் பிழை தொடங்கியது. தங்கிய வீட்டின் யன்னலோரம் இருந்தேன். இரவு ஒன்பது மணியாகியும் வெயில் சுவரில் கிடந்தது. ஒன்பது ஐம்பதுக்குத்தான் சூரியன் கொடித் தோட்டத்துக்குப் பின்னால் மறைந்தது. அப்போது எனக்கு உறைத்தது: இராகு காலம் என்பது மணிக்கூட்டுக் கணக்கல்ல. சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு. எங்கள் ஊரில் பகல் பன்னிரண்டு மணித்தியாலம், ஆகவே ஒரு பங்கு ஒன்றரை. இங்கே பகல் வேறு.

மறுநாள் விடிய எழும்பி யன்னலில் நின்றேன். ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குச் சூரியன் எழுந்தது. பகல் பதினைந்து மணி நாற்பத்தெட்டு நிமிடம். எட்டில் ஒரு பங்கு நூற்றுப் பதினெட்டரை நிமிடம். மூன்றாவது பங்கு ஒன்பது ஐம்பத்தொன்பதுக்குத் தொடங்கிப் பதினொன்று ஐம்பத்தேழரைக்கு முடிகிறது. திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அரை நிமிடத்தைக் கூட்டிப் பதினொன்று ஐம்பத்தெட்டு என்று வைத்தேன். அவள் சொன்ன பத்தரை இராகு காலத்துக்குள்ளேயே விழுந்தது. ரயிலேறிவிட்ட அவளுக்கு அறிவிக்க ஒரு வழியும் இல்லை.

கோட்டைக்கு ஒன்பது நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே இரண்டு பக்கமும் மரம் நின்ற நீண்ட சாலை. சிஞ்ஞோராவை ஒரு மர நிழலில் நிறுத்தினேன். அங்கிருந்து வெளி வாசல் இருநூற்றுப் பத்து அடி தூரம், என் காலடியில். பத்து இருபத்தைந்துக்கு மனைவி வந்தாள். பச்சைக் கம்பளிச் சட்டை, கையில் துணிப்பை. மெலிந்திருந்தாள். முன்னைப்போல் அல்லாமல் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். டிக்கெட் யன்னலுக்குப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் உட்காரவில்லை, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழும்பினாள்.

நான் நாற்காலியை மறுபக்கம் திருப்பினேன். தூரத்தில் நின்று ஒருவர் மட்டும் பார்ப்பது சந்திப்பாகாது என்று எனக்குள் நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

பதினொரு மணியளவில் சிஞ்ஞோரா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அங்கே நிற்கிற பெண் உன் நாட்டவள்தானே? எவ்வளவு நேரமாக நிற்கிறாள்! போய்ப் பேசு."

"இன்னும் நேரம் இருக்கிறது, சிஞ்ஞோரா."

"என்ன நேரம்? அவள் உனக்காக வந்தவள் இல்லையா?"

"என் ஆள் பன்னிரண்டுக்குத்தான் வருவார்."

"வயது போனால் கண் மட்டுமில்லை, வெட்கமும் போய்விடும்" என்றார் அவர். என்ன விளங்கிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

பத்தரையிலிருந்து அந்த எண்பத்தெட்டு நிமிடத்தில் மனைவி பதினாறு தரம் எழும்பி உட்கார்ந்தாள். ஒரு தரம் பையைத் திறந்து ஏதோ சாப்பிட்டாள். வாசலில் எட்டு பஸ் நின்று போயின. பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு நான் நடந்தேன்.

அவள் என்னைக் கண்டதும் ஒரு கை வாயில், மற்றக் கை பையில். பிறகு என் சேர்ட் கொலரைச் சரிசெய்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு முதலில் செய்தது அதுதான்.

"இஞ்சாருங்கோ, பத்தரை எண்டெல்லோ சொன்னனான்? பஸ் பிந்தினதோ? அந்தக் கிழவி விடேல்லையோ?"

அங்கேயே பொய் சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்ததும் பொய்தான். ஆனால் எனக்கு என் கணக்கைக் காட்டவேண்டும் என்று ஆசை. காகிதத்தை எடுத்து விரித்தேன்.

"சூரியன் இஞ்சை ஆறு ரெண்டுக்கு உதிக்குது. இராகு காலம் இப்பதான் முடிஞ்சது. உமக்காகத்தான் பொறுத்தனான். அண்டைக்கு மாதிரி ஒரு சொல்லு வரக்கூடாது எண்டு."

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. "எங்கை பொறுத்தனியள்?"

"அந்த மரத்தடியிலை."

அவள் மரத்தைப் பார்த்தாள். திரும்பி வாங்கைப் பார்த்தாள்.

"என்னைக் கண்டுகொண்டு இருந்தனியளோ?"

"ஓம்."

"ஏழு வருசம் போதாதெண்டு இந்த ஒண்டரை மணித்தியாலத்தையும் பிடிச்சு வச்சிருந்தனியள்." சிரித்தாள், ஆனால் அது சிரிப்பல்ல. "பாரிசிலை நான் விடிய அஞ்சுக்கு ஒரு வேலை, பின்னேரம் ஒரு வேலை. மெத்ரோ இராகு காலம் பாத்தே வருது? அதையெல்லாம் நான் விட்டு எவ்வளவு காலம்!"

"அப்ப டெலிபோனிலை ஒவ்வொரு கிழமையும்?"

"வேறை என்னத்தைச் சொல்லி உங்களோடை கோவிக்கிறது?"

"பத்தரை எண்டு ஏன் வச்சனீர்?"

"ரயில் பத்துப் பதினைஞ்சுக்கு வருது. அதுதான்."

இந்தச் சண்டையில் பதினெட்டு நிமிடம் போனது. அவள்தான் முதலில் மணிக்கூட்டைப் பார்த்தாள். பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்தாள். ஒன்று அவள் திரும்பிப் போவதற்கு. மற்றது எனக்கு.

"பன்னிரண்டு நாற்பத்தொண்டுக்கு ரயில். விட்டால் பின்னேரம்தான், நான் வேலைக்குப் போய்ச் சேரமாட்டன், சனிக்கிழமை வராட்டி நிப்பாட்டிப் போடுவினம். ஒரு அறை எடுத்திருக்கிறன். ரெண்டு கட்டில் போட்டாச்சு. என்ரை வழக்குப் பாத்த அவொக்கா சொன்னவர், புருசன் எண்டால் எழுதிப் போடலாமாம், ஒண்டரை வருசம் செல்லுமாம். வாங்கோ. யோசிக்காதேங்கோ, நீங்கள் யோசிச்சால் ரயில் போயிடும்."

யோசித்தேன்தான். பெர்மெஸ்ஸோ போய்விடும். ஒன்றரை வருடம் கடதாசி இல்லாமல் ஒரு அறைக்குள். மரத்தடியில் சிஞ்ஞோரா தனியே. ஆனால் "ஓம்" என்று சொன்னேன். இதை எழுதுவதே அதற்காகத்தான். நான் ஓம் என்று சொன்னேன். பன்னிரண்டு பதினாறு.

"பாஸ்போட் காருக்குள்ளை. எடுத்துக்கொண்டு ஓடிவாறன்."

கார்த் தரிப்பிடத்தில் எங்கள் கார் இல்லை. வரிசை வரிசையாகப் பார்த்தேன், எண்பத்திரண்டு கார். பக்கத்து ஊர்க் குகைக்கு வைன் வாங்க மருந்துக்கடைக்காரர் போயிருப்பார் என்று தெரிந்தது. திரும்பி வந்தபோது பன்னிரண்டு இருபத்தேழு.

"பாஸ்போட்டை விடுங்கோ. உடுப்பையும் விடுங்கோ. கிழவி பிறகு தபாலிலை அனுப்புவா. ஏறுங்கோ."

"வழியிலை பிடிச்சால்? விசா அதிலையெல்லோ இருக்கு?"

"நான் என்னத்தைக் கொண்டு வந்தனான்? ஒரு சீத்தைத் துணிச் சட்டையோடை வந்தனான்."

"கையிலை ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் நான் ஏறமாட்டன்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ரயிலடிக்கு ஏழு நிமிடம் சேர்ந்து நடந்தோம். மேடையில் பையைத் திறந்து ஈயத்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைத் தந்தாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். "என்ரை பங்கைச் சாப்பிட்டிட்டன். இது உங்கடை" என்றாள். இரண்டாவது டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ரயில் ஒரு நிமிடம் முந்தி வந்து, நேரத்துக்கு வெளிக்கிட்டது. யன்னல் திறக்க முடியாத ரயில். அவள் கண்ணாடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாற்பத்தொன்பதுக்கு மருந்துக்கடைக்காரர் ஆறு போத்தல்களோடு வந்தார். நான் கேட்காமலே சொன்னார்:

"பதினொன்றரை வரைக்கும் காரில்தான் இருந்தேன், பத்திரிகை வாசித்துக்கொண்டு. பெரியம்மா கூப்பிடுவாரோ என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை."

பத்து முப்பதுக்கு நான் வாசலுக்குப் போயிருந்தால் கார் அங்கேயே நின்றிருக்கும், அதற்கும் எனக்கும் இடையில் நூறு காலடிகூட இல்லை. அந்தக் கணக்கை மட்டும் நான் இன்னொரு தரம் போட்டுப் பார்க்கவில்லை.

பின்னேரம் கோட்டைக்குள் போனோம். ஆற்றின் மேல் நீண்ட மண்டபம், தரை கறுப்பும் வெள்ளையும் கட்டம். யன்னலுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. சிஞ்ஞோரா, "மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்" என்றார். போகமாட்டேன் என்றேன். நாலு வருட வேலையில் முதல் தரம் மறுத்தேன். அவர் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். மண்டபத்தின் கடைசி யன்னலில் நின்று புட்டைச் சாப்பிட்டேன். இடித்த செத்தல் மிளகாய் கூடிவிட்டது. அவள் எப்போதும் கூடத்தான் போடுவாள்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைத்தோம். அவள் இராகு காலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பழைய குற்றச்சாட்டு இல்லாமல் எங்களுக்குக் கதைக்க என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. காலநிலை, கால் நோவு, யார் செத்தது. பதினைந்து நிமிடம் பத்தாகி, பத்து ஆறானது.

போன வருடம் சட்டம் மாறியது. இத்தாலிப் பெர்மெஸ்ஸோ கையில் இருந்தால் இப்போது விசா இல்லாமலே பிரான்சுக்குப் போய்வரலாம். செய்தியைக் கேட்ட அன்றே கபோச் சந்தையில் ஒரு பயணக் கடையில் ரயில் நேரம் விசாரித்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணி ரயிலைத் தெரிந்தெடுத்தேன். ஊர்க் கணக்கில் வெள்ளியில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு இராகு காலம். வேண்டுமென்றே எடுத்தேன். ஞாயிறு மூன்று மணிக்கு டெலிபோன் எடுத்து அவளுக்குச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை பதினொண்டுக்கு வெளிக்கிடுறன். இராகு காலம்தான். தெரிஞ்சுகொண்டுதான் ஏறுறன்."

பக்கத்துக் கூண்டில் ஒருவன் யாருக்கோ காசு அனுப்பிய இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வாங்கோ. வந்து பாத்திட்டுப் போங்கோ" என்றாள். பிறகு, "மற்றக் கட்டிலை மன்னார்ப் பிள்ளை ஒண்டுக்குக் குடுத்திட்டன். இப்ப அவவும் நானும்தான். எத்தினை நாள் நிப்பியள் எண்டு சொன்னால், எங்கையாவது உங்களுக்கு ஒரு இடம் கேட்டு வைக்கிறன்."

எத்தனை நாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள்.